களை ஆராய்ச்சியில் கூட்டு முயற்சி

தேசத்தின் விவசாய அபிவிருத்தியைப் பற்றிய பேச்சில் அணை, விதை, உரம், விலை ஆகிய நான்கும் முதலிடம் பெறுகின்றன. களையைப் பற்றிய பிரஸ்தாபம் அபூர்வமாகவே எழுகிறது. வெள்ளம் கொண்டுபோன வயல் எல்லோர் கண்ணிலும் படும். களையோ சத்தமின்றி, போகந்தோறும், பயிருக்குரிய நீரையும் எருவையும் வெளிச்சத்தையும் பங்குபோட்டுக் கொண்டுவிடுகிறது. 18 ராஜ்யங்களில் 2003 முதல் 2014 வரை நடந்த 1,500-க்கு மேற்பட்ட வயற் சோதனைகளை ஆராய்ந்து, ஜபல்பூர் நிலைய விஞ்ஞானிகள் 2018-ம் வருஷத்தில் ஒரு மதிப்பை வெளியிட்டனர். பத்து முக்கியப் பயிர்களில் மட்டும் களையால் இந்தியாவுக்கு நேரும் நஷ்டம் வருஷத்திற்குச் சுமார் 1,100 கோடி டாலர் என்பது அவர்கள் கணக்கு. இந்த ஒரு கணக்கை அறிவதற்கே 18 ராஜ்யங்களின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

களை ஆராய்ச்சிக்கான அகில இந்திய ஒருங்கிணைப்புத் திட்டம் 1978-ம் வருஷத்தில் தோன்றியது. ஜபல்பூரில் தேசிய நிலையம் 1989-ல் ஏற்பட்டது. இந்த ஏற்பாடு செய்துள்ள சேவை பெரிது. ஆனால் இனி வரும் காலத்திற்கு அது எவ்விதம் அமைய வேண்டும் என்று யோசிக்கும் தருணம் வந்துவிட்டது. ராஜ்ய எல்லைகளைக் கொண்டு அல்ல, பயிரும் நீரும் மண்ணும் ஒத்த பிரதேசங்களைக் கொண்டே களை ஆராய்ச்சி வகுக்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்குக் காரணங்கள் அநுபவத்திலேயே இருக்கின்றன.

பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் 'குல்லி டண்டா' என்றொரு புல் உண்டு. இளம்பருவத்தில் அது கோதுமை நாற்றைப் போலவே இருப்பதால் கையால் பிடுங்குவது கடினம். ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லி வந்தபோது விவசாயிகள் பெருமூச்சு விட்டார்கள். அதே மருந்தை அதே வயலில் வருஷந்தோறும் தெளித்தார்கள். சாகாமல் தப்பிய சில செடிகளே விதையிட்டன. அவற்றின் சந்ததியே பெருகிற்று. 1990-களின் தொடக்கத்தில் ஹரியானாவில் அந்த மருந்து பலிக்கவில்லை என்பது வெளிப்பட்டது. பின்னர் வேறு மருந்துகள் வந்தன. சில வருஷங்களில் அவற்றுக்கும் அந்தப் புல் இடங்கொடுக்காமல் போயிற்று. மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வைத்தியமாகாது என்பதே இதன் பாடம்.

மாற்று வழி எங்கிருந்து வந்தது? 1994-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ் ஆகிய நான்கு நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களும் சர்வதேச ஸ்தாபனங்களும் சேர்ந்து, கங்கை, சிந்துச் சமவெளிக்காக நெல்-கோதுமைக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. நெல் அறுத்த தாளிலேயே, உழாமல், கருவி கொண்டு கோதுமை விதைக்கும் முறையைப் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. உழாத மண்ணில், ஆழத்தில் கிடக்கும் களை விதை மேலே வருவதில்லை. முன்கூட்டியே விதைத்த கோதுமை களையை முந்திக்கொண்டு வளர்கிறது. உழவுக் கூலியும் மிச்சம். அரசியலில் முகங்கொடுத்துப் பேசாத நாடுகளும் ஒரு புல்லை முன்னிட்டு ஒரே மேஜையில் உட்கார்ந்தன.

நீர்க்களை விஷயத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. கேரளத்தின் காயல்களையும் வயல்களையும் மூடி, படகுப் போக்குவரத்தையே தடுத்த சால்வீனியாவை அங்கே 'ஆப்பிரிக்கன் பாயல்' என்பார்கள். நிபுணர்கள் வெகுகாலம் அதை வேறொரு இனமென்றே கருதியிருந்தார்கள். ஆகவே தேடிப்பிடித்து விட்ட பூச்சிகளும் பயனளிக்கவில்லை. 1972-ல் அது தனி இனமென்று தெளிவாயிற்று. 1978-ல் அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேஸில் என்று கண்டுபிடித்து, அங்கே அதைத் தின்னும் சிறு வண்டைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரியைத் துலக்கிய அந்த வண்டு, 1980-களில் கேரளத்திலும் இலங்கையிலும் விடப்பட்டு வெற்றி கண்டது. எந்த ஒரு ராஜ்யமும் தனியாக இதைச் சாதித்திருக்க முடியாது.

இனி வரும் அபாயம் நெல்லில் இருக்கிறது. நீர்ப்பஞ்சமும் ஆட்பஞ்சமும் விவசாயியை நாற்று நடவிலிருந்து நேரடி விதைப்பிற்குத் தள்ளுகின்றன. பஞ்சாபில் மட்டுமல்ல, நமது காவிரி டெல்டாவின் கடைமடையிலும் இதுவே நிலைமை. நடவு வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரே பாதிக் களையை அடக்கிவிடும். நேரடி விதைப்பில் அந்தக் காவல் இல்லை. 2021-ல் டெல்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் களைக்கொல்லியைத் தாங்கும் இரண்டு பாஸ்மதி ரகங்களை வெளியிட்டது. இவற்றால் நன்மை உண்டு. ஆயினும் அமெரிக்காவில் 2002-ல் இத்தகைய நெல் வந்த சில வருஷங்களில், பயிரோடு கலந்து களைநெல்லும் அந்த மருந்தைத் தாங்கத் தொடங்கிற்று என்பதை மறக்கலாகாது. அங்கே கண்டதை இங்கே முன்கூட்டியே கவனிப்பவர் யார்?

இங்கே சட்ட விஷயமும் ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி விவசாயமும் விவசாய ஆராய்ச்சியும் ராஜ்யப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆனால் பயிர்களைப் பாதிக்கும் தொற்று நோயோ கேடோ ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-வது இனம். சட்டத்தை வகுத்தவர்கள் எல்லை தாண்டும் கேட்டை அறிந்தேயிருந்தார்கள். 1955-ல் புனேயில் காணப்பட்ட பார்த்தீனியம் பிற்பாடு தேசமெங்கும் பரவியதை நினைத்தால், அந்த ஏற்பாட்டின் நோக்கம் விளங்கும். களையும் அந்தக் கேடுகளில் ஒன்று என்றே நாம் கொள்கிறோம்.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, எந்த வட்டத்தில் எந்தக் களை எந்த மருந்துக்குப் பணியவில்லை என்பதை ஒரே முறையில் சோதித்து எல்லோரும் அறிய வெளியிடும் பிரதேசக் கண்காணிப்பு. இரண்டாவது, பத்து வருஷங்களுக்குக் குறையாத பண உதவி. மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கும் விதையை மூன்று வருஷத் திட்டத்தால் அளக்க முடியாது. மூன்றாவது, மருந்து விற்பவர் பணத்தை நம்பியிராத ஆராய்ச்சி. வியாபாரி தன் சரக்கைப் புகழ்வது இயல்பு, ஆனால் உழாத விதைப்பையும் பயிர் மாற்றத்தையும் புகழ்ந்து விற்பதற்கு எந்தக் கம்பெனியும் இல்லை. நான்காவது, களை பிடுங்கும் பெண்களின் நிலை. இந்தத் தேசத்தில் களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலை. மருந்து வந்தால் அவர்கள் முதுகு நிமிரும் என்பது உண்மை. அன்றையக் கூலி போய்விடும் என்பதும் உண்மை. இரண்டையும் கணக்கில் எடுக்காத திட்டம் பாதித் திட்டமே.

இவற்றுக்கெல்லாம் புதிய மாளிகைகள் தேவையில்லை. சர்வகலாசாலைகளும் வயல்களும் நிபுணர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். ராஜ்ய சர்க்கார்கள் ஒன்றையொன்று கலந்து, விளைவுகளை மறைக்காமல் பகிர்ந்துகொள்ளும் மனப்பான்மையே வேண்டுவது. ஒருவன் வயலில் களையெடுத்து, அண்டை வயலில் விதை முற்ற விட்டால் யாருக்கு லாபம்? கிராமத்து விவசாயி அறிந்த இந்த நியாயத்தைச் சர்க்கார்களும் அறிந்து நடக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.