அஞ்சறைப் பெட்டியும் அலங்காரப் பெட்டியும்

போகிப் பண்டிகைக்கு முதல் நாள் எந்த வீட்டிலும் யாரும் யாரிடமும் இனிமையாகப் பேசுவதில்லை என்பது நேயர்கள் அனுபவத்தில் அறிந்த விஷயம். பரணில் ஏறியவர் கீழே நிற்பவரைக் கோபிக்கிறார். கீழே நிற்பவர் மேலிருந்து விழும் தூசியைக் கோபிக்கிறார். இவ்வருஷம் நமது இல்லத்தில் இந்தக் கோபமெல்லாம் ஒரு சிறு டிராயரை நோக்கித் திரும்பியது. உத்தியோகத்தின் நிமித்தம் நம்முடன் தங்கியிருக்கும் நமது சகோதரியின் புதல்விக்குச் சொந்தமானது அந்த டிராயர். பாதிக்கு மேல் திறக்கமாட்டேன் என்று அது அடம் பிடித்தது. பலாத்காரமாக இழுத்தபோது உள்ளேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது தட்டைப் பெட்டிகள் வெளியே வந்தன.

மூடியின் உட்புறம் கண்ணாடி. கீழே வரிசை வரிசையாகச் சிறு குழிகள். குழிக்கு ஒரு வர்ணம். இமைக்குப் பூசும் ஐ-ஷாடோப் பொடிகளாம். பெட்டிக்குப் ‘பேலட்’ என்று பெயராம். ஒன்பது பெட்டிகளிலும் உள்ள குழிகளை எண்ணிப் பார்த்தோம். மொத்தம் 104 வர்ணங்கள்! வானவில்லுக்கே ஏழு நிறந்தான். தேவேந்திரனுக்காவது ஆயிரம் கண். நமது குழந்தைக்குப் பகவான் கொடுத்திருப்பவை இரண்டே.

நமது தாயார் ஒரு பெட்டியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது என்னடா, அஞ்சறைப் பெட்டி மாதிரி இருக்கிறதே!” என்றார். பிறகு, ஒரே ஒரு குழி மாத்திரம் சுரண்டிச் சுரண்டித் தகரம் தெரிவதையும், மற்றப் பதினொன்றும் கை படாமல் இருப்பதையும் கவனித்தார். “ஏண்டி குழந்தை, கடுகு தீர்ந்துபோனால் மிளகையும் வெந்தயத்தையும் அப்படியே வைத்துவிட்டுப் புதுப் பெட்டியா வாங்குவார்கள்?” என்று கேட்டார்.

“என்ன செய்வது, பாட்டி? கடுகை மட்டும் தனியாகக் கொடுக்கமாட்டேன் என்கிறானே!” என்றாள் பெண்.

பாட்டியும் பேத்தியும் பேசிய இவ்விரண்டு வார்த்தைகளில் வியாபார சாஸ்திரத்தின் ஒரு பெரிய அத்தியாயம் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு வர்ணங்கள் கொண்ட பெட்டியின் விலை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வர்ணம் ஒன்றுக்கு 150 ரூபாய்தானே, கொள்ளை மலிவு என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் நாம் உபயோகிக்கப் போவது அதில் மூன்றே என்றால், வர்ணம் ஒன்றின் விலை 600 ரூபாய். மிகுந்த ஒன்பதும் டிராயருக்குக் குடிவாடகை இல்லாத குடித்தனக்காரர்கள். அந்த மூன்றும் தீர்ந்ததும் அடுத்த பெட்டி வருகிறது. அதிலும் இதே கதை.

இந்த மோகம் நம் தேசத்தில் பிறந்ததன்று. 2010-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியார் ‘நேக்கட்’ என்ற பெயருடன் பன்னிரண்டு வர்ணப் பெட்டி ஒன்றை வெளியிட்டார்கள். (பெயரைத் தமிழில் மொழிபெயர்க்க நமக்குத் துணிவில்லை.) அதிலிருந்த நிறங்களில் பெரும்பாலானவை பழுப்பின் பேதங்களே. ஆயினும் அது பிரமாதமாக விலை போயிற்று. இரண்டாவது, மூன்றாவது என்று தம்பிமார்களும் பிறந்தார்கள். மற்றக் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெட்டிகள் உலகமெங்கும் மழைக்காலத்துக் காளான் போல் முளைத்தன.

நோய் பிறந்த இடத்திலேயே மருந்தும் பிறப்பதுண்டு. மேல்நாட்டு ஸ்திரீகளில் பலர் தங்கள் மேஜை டிராயர்களைப் பார்த்துத் தாங்களே வெட்கமடைந்து, ‘ப்ராஜெக்ட் பான்’ என்று ஒரு விரதத்தைத் தொடங்கினார்கள். பான் என்றதும் வெற்றிலைத் தாம்பாளம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். வர்ணப் பொடியை அழுத்தி வைத்திருக்கும் தகரக் கிண்ணத்துக்கு அந்தப் பெயர். கிண்ணத்தின் அடி கண்ணுக்குத் தெரியும் வரையில் உள்ளதையே உபயோகிப்பது, அதுவரையில் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்பதே விரதம். ஏகாதசியை விடக் கடினமானது என்று அனுஷ்டித்தவர்கள் சொல்லுகிறார்கள்.

இதை நாம் கேட்டபோது, ‘அட, இது நமக்குத் தெரிந்த சரக்காயிற்றே!’ என்று தோன்றியது. 1905-ல் வங்காளத்திலும், 1921-ல் தேசமெங்கும் அந்நியத் துணியை விலக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்? சுதந்திரம் வந்த ஐந்தாவது வருஷத்தில், 1952-ல், டாட்டா குடும்பத்தார் ‘லாக்மே’ என்ற ஒப்பனைச் சாமான் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரும் நமது லக்ஷ்மியின் பிரெஞ்சு உருவமே. பிற்காலத்தில் அந்த ஸ்தாபனம் கைமாறிவிட்டது. உள்நாட்டுச் சரக்கை வாங்குவது உத்தமமான காரியந்தான். ஆனால் சுதேசியத்தில் அதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு: வீட்டில் இருக்கும் சரக்கை முதலில் உபயோகிப்பது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்தப் பாடம் இன்னும் அழுத்தமாக விளங்கும். திண்ணைக்குப் பூசும் காவிக்குச் சிவப்பைத் தருவது இரும்பின் ஆக்ஸைடு. இமைப் பொடியின் செம்மையும் பழுப்பும் மஞ்சளும் பெரும்பாலும் அதே இரும்பின் உபயம். வழவழப்பைத் தருவது டால்க்; நமது மாக்கல் சட்டியின் கல்லில் இருப்பதும் அதுதான். மினுமினுப்பைத் தருவது மைக்கா என்னும் காக்காப்பொன்.

இந்தக் காக்காப்பொன்னின் விஷயத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடீ ஜில்லாக்களும், அவற்றை அடுத்த பீஹார்ப் பிரதேசமும் வெகுகாலமாக இதற்குப் பேர்போனவை. 1980-ல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே அனுமதி பெற்ற சுரங்கங்கள் பல மூடப்பட்டன. சுரங்கம் மூடினாலும் வயிறு மூடவில்லை. கைவிடப்பட்ட குழிகளிலும் குப்பை மேடுகளிலும் ஏழைக் குடும்பங்கள் காக்காப்பொன் சில்லுகளைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தன. சிறு குழந்தைகளும் கூடை ஏந்தினார்கள். மண் சரிந்து குழந்தைகள் மாண்டதும், அச்சாவுகள் வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டதும் 2016-ல் பத்திரிகைகளின் மூலம் உலகத்துக்குத் தெரிய வந்தன. மறு வருஷம் ஒப்பனைச் சாமான் கம்பெனிகளும் மற்றவர்களும் சேர்ந்து, சிறுவர் உழைப்பு கலவாத காக்காப்பொன்னுக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள்.

எல்லாப் பெட்டியிலும் அக்குழந்தைகளின் உழைப்பு இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. சில கம்பெனிகள் செயற்கை மைக்காவையும் உபயோகிக்கின்றன. நாம் ஒரு பெட்டியைத் தீர்த்துவிட்டால் கோடர்மாக் குழந்தைகள் மறுநாளே பள்ளிக்கூடம் போய்விடுவார்கள் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பள்ளிக்கூடமும், பெற்றோருக்கு நியாயமான கூலியும் வேண்டும். ஆனால் அத்தகைய உழைப்பில் விளைந்திருக்கக்கூடிய பொருளை வாங்கி, ஒருமுறைகூடத் தொடாமல் போகிக் குப்பையில் எறிவது எந்த தர்மத்திலும் சேராது.

நிற்க. விரதம் எடுப்பவர்களுக்கு உபயோகமான சில குறிப்புகளை நமது பெண்ணிடமும் விஷயம் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தொகுத்திருக்கிறோம்.

முதலாவது, எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரே இடத்தில் பரப்பிப் பார்க்க வேண்டும். டிராயருக்குள் இருக்கும் வரையில் எதுவும் குறைவாகவே தோன்றும்.

இரண்டாவது, கெட்டதை நல்லதிலிருந்து பிரிக்க வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் மூடி திறந்த சிறு ஜாடியின் படமும், அதனுள் ‘12 எம்’ அல்லது ‘24 எம்’ என்ற எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். அச்சிட்ட கெடுத் தேதியையும் பார்க்க வேண்டும். நீரில்லாத பொடியில் கிருமிகள் எளிதில் வளர்வதில்லையாதலால் அது அதிக காலம் தாங்கும். குழம்பாகவும் திரவமாகவும் உள்ளவை சீக்கிரம் கெடும். இமை மயிருக்குத் தீட்டும் மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்பது வைத்தியர்களின் பொதுவான யோசனை. வாசனை மாறினாலும், பூசினால் எரிச்சல் கண்டாலும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். கண் நோய் வந்தபோது உபயோகித்தவற்றுக்கும் இதே விதி. போன பணத்தைக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு மீட்க முடியாது.

மூன்றாவது, மிகுந்தவற்றில் மூன்றே வர்ணங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைக்க வேண்டும். நூற்று நாலையும் ஒரே சமயத்தில் தீர்க்கப் புறப்படுகிறவர்கள் ஒரு வாரத்தில் விரதத்தை முறித்துவிடுகிறார்கள்.

நான்காவது, ஒரு பொடிக்கு ஒரே வேலை என்பதில்லை. கரும்பழுப்பைச் சிறு தட்டில் துளி எடுத்து, ஈரமான மெல்லிய பிரஷினால் இமையோரத்தில் கோடிடலாம். பெட்டிக்குள் மாத்திரம் ஈரம் புகக்கூடாது. எச்சில் கூடவே கூடாது. மினுமினுப்பில்லாத பழுப்பினால் புருவத்தின் இடைவெளியை நிரப்பலாம். பிடிக்காத பளிச்சென்ற நிறத்தைப் பழுப்புடன் கலந்தால் சாந்தமடையும். ஆனால் கண்ணுக்கு ஏற்றது உதட்டுக்கு ஏற்றதென்று நினைத்துவிடக் கூடாது. சில நீலப் பொடிகளை அமெரிக்கச் சட்டம் கண்ணுக்கு அனுமதிக்கிறது, உதட்டுக்கு அனுமதிப்பதில்லை. வாய்க்குள் போவது வயிற்றுக்கும் போகுமல்லவா?

ஐந்தாவது, மேலே எண்ணெய்ப் பசை படிந்து இறுகிப்போன பொடி தீர்ந்துபோனதாகாது. ஒட்டும் டேப்பை மெதுவாக வைத்து எடுத்தால் இறுகிய ஏடு கழன்று வரும். பிரஷ்களை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்தினால் அந்த ஏடு படிவதும் குறையும்.

கடைசியாக, உறையே பிரிக்காத பெட்டி இருந்தால், கெடுத் தேதியைப் பார்த்து, விரும்புகிறவர்களுக்கு இப்பொழுதே கொடுத்துவிடலாம். திறந்து உபயோகித்ததைக் கொடுக்கலாகாது. ஒருவர் கண்ணின் நோய் மற்றொருவருக்குச் சீதனமாக வேண்டியதில்லை. தீர்ந்த பிறகு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சில கம்பெனிகள் காந்தம் பதித்த வெறும் பெட்டியையும், ஒற்றை ஒற்றைக் கிண்ணங்களையும் தனித்தனியே விற்கின்றன. தீர்ந்ததை மாத்திரம் வாங்கிப் பதித்துக்கொள்ளலாம். நமது தாயார் கேட்ட கேள்விக்கு வியாபாரிகளிடமிருந்து வந்த பதில் என்று இதைச் சொல்லலாம்.

இனி நமது வீட்டு விரதம் எப்படியாயிற்று என்பதைச் சொல்லி முடிக்கிறோம். அன்று பெட்டிகளை எண்ணிய பிறகு பெண் ஒரு காகிதத்தில் அவற்றின் விலைகளைக் கூட்டிப் பார்த்தாள். 13,650 ரூபாய் வந்தது. கல்லூரிப் படிப்புக்காகப் பாங்கியில் வாங்கிய கடனுக்கு அவள் மாதந்தோறும் தவணை கட்டி வருகிறாள். அதில் இரண்டு மாதத் தவணைக்கு மேலேயே இருந்தது அந்தத் தொகை. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே காகிதத்தை மடித்துக் கண்ணாடியின் சட்டத்தில் செருகினாள். கெட்டுப்போனவை என்று இரண்டு பெட்டிகள் கழிந்தன. ஏழு பெட்டிகளிலிருந்து மூன்று வர்ணங்களைப் பொறுக்கி எடுத்தாள்.

வாங்குவதை நிறுத்தியது முதலில் வேதனையாகத்தான் இருந்ததாம். தினம் காலையில் டெலிபோனைத் திறந்தால் ஒரு புதுப் பெட்டி கண் சிமிட்டுமாம். இரண்டு மாதத்துக்குப் பிறகு வேடிக்கையான ஒரு மாறுதல் ஏற்பட்டது. முன்பு பெட்டியின் எதிரே கால் மணி நேரம் தயங்கியவள், மூன்றே வர்ணங்களுடன் ஐந்து நிமிஷத்தில் கிளம்பினாள். ஆபீஸுக்குப் போகும் பஸ் தவறுவதும் நின்றது. ‘எது எனக்குப் பொருந்துகிறது என்று இப்பொழுதுதான் தெரிகிறது, மாமா!’ என்று ஒரு நாள் சொன்னாள்.

சென்ற வாரம் ஒரு காலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாட்டியிடம் ஓடி வந்தாள். பழுப்பு நிறக் குழியின் நடுவில் மிளகளவு வெள்ளித் தகரம் பளிச்சென்று தெரிந்தது. பாட்டி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கடுகு தீருகிறது. வெந்தயத்தை எப்பொழுது எடுக்கப் போகிறாய்?” என்று கேட்டார்.

கடைவீதியில் ஆடித் தள்ளுபடி ஆரம்பமாகிவிட்டது. பாதி விலைக்குப் பதினெட்டு வர்ணப் பெட்டி கிடைக்கிறது என்று நமது பெண்ணுக்கும் விளம்பரம் வந்திருக்கிறது. அதைப் படித்தாள், கண்ணாடியில் செருகியிருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தாள், விளம்பரத்தை மூடிவிட்டு வெந்தயக் குழிக்குள் பிரஷை விட்டாள். இம்மாதத் தவணை கெடு நாளுக்கு முன்பே பாங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதையும் நேயர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.