ஓசூரில் கட்டிய வண்டி தலைகுந்தாவில் நிற்கும்போது

கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு முனை கன்னியாகுமரி, மறுமுனை ஸ்ரீநகர். இந்த எல்லை வட்டாரத்தில் பாடி கட்டி வெளியேறும் கேரவன்கள் இரண்டு திசையிலும் ஓடுகின்றன. காஷ்மீருக்குப் போகிறவர் குளிருக்குத் தயாராகவே போகிறார். டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் நாற்பது நாளும் அங்கே வீட்டுக் குழாய்களே உறையும் என்று அவருக்குத் தெரியும்; தண்ணீரை வடித்துவிட்டு, கேனில் கொண்டுபோகிறார். அந்த வண்டிகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊட்டிக்கும் மூணாறுக்கும் போய்வரும் வண்டிகளைப் பற்றித்தான் கவலை. சொற்பக் குளிர்தானே என்று யாரும் எதுவும் செய்யாமல் விடுகிற இடத்தில்தான் நம் குழாய்கள் வெடிக்கின்றன.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் பகலில் இருபது டிகிரி வரை வெயில் அடிக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெளுத்துப்போவது அதனால்தான். மைசூரிலிருந்து கூடலூர் வழியாக ஏறும் வண்டி ஊட்டிக்கு முன் தலைகுந்தாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மரமில்லாத திறந்த புல்வெளி, சமதளம், நல்ல காட்சி. வண்டியை நிறுத்த அதைவிட வசதியான இடம் கிடையாது. அதைவிடக் குளிரான இடமும் கிடையாது.

பத்திரிகையில் வரும் வெப்பநிலை, தரையிலிருந்து நாலடி உயரத்தில் நிழல்கூண்டுக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. தெளிந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகரக் கூரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழக்கிறது. சுற்றியுள்ள காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கீழே போய்விடும். ‘ரெண்டு டிகிரிதான், உறையாது’ என்று படுக்கப் போகிறவரின் கூரைமேல் டேங்க் இணைப்பும், வண்டித் தரைக்குக் கீழே தேங்கிய குளிர்காற்றில் தொங்கும் பைப்பும் அந்நேரம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். ஓசூரில் இதை நாம் பார்க்கவே முடியாது. இங்கே இரவு வெப்பநிலை பத்து, பன்னிரண்டுக்குக் கீழே இறங்குவது அரிது. நம் பட்டறை முற்றத்தில் எத்தனை நாள் நிறுத்திச் சோதித்தாலும் இந்தக் குறை வெளியே வராது.

முதலில் எது உறையும், எது உறையாது என்பதில் தெளிவு வேண்டும். டேங்க் உறையாது. நூறு லிட்டர் தண்ணீரைப் பதினைந்து டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே சுமார் 1.7 யூனிட் வெப்பம் வெளியேற வேண்டும். பிறகு அது முழுக்கப் பனிக்கட்டியாக இன்னும் 9 யூனிட்டுக்கு மேல் போக வேண்டும். நீலகிரியின் ஓர் இரவு அதற்குப் போதாது. ஆனால் அரை இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு ஒரு டீ கிளாஸ் தண்ணீர்தான் நிற்கிறது. பம்பின் தலை, வடிகட்டியின் பிளாஸ்டிக் கிண்ணம், ஆர்.ஓ. மெம்பரேன், ஷவர் ஹோஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான். டேங்குக்குக் கம்பளி போர்த்திவிட்டு பைப்பை வெறுமனே விடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தலைகீழான வேலை.

உறைந்தவுடனே உடைந்துவிடாது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. பெருத்த பனிக்கட்டி, தனக்கும் மூடிய டேப்புக்கும் இடையே சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. உடைப்பது அந்த அழுத்தம். 12 வோல்ட் டயஃப்ரம் பம்புக்குள்ளேயே தண்ணீர் திரும்பாதபடி வால்வு இருக்கிறது. வீட்டு உபயோக கீசரைக் கேரவனில் மாட்டினால், அதன் நுழைவாயிலிலும் ஒரு திரும்பா வால்வு உண்டு. ஆக, பம்பு முதல் டேப் வரை இருபக்கமும் அடைத்த பாத்திரத்தை நாமே கட்டிக் கொடுக்கிறோம். இரவில் பம்பை நிறுத்திவிட்டு எல்லா டேப்பையும் திறந்து வைத்தாலே பாதி ஆபத்து குறையும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஊட்டியிலிருந்து திரும்பி வந்த ஒரு வண்டியைக் கழற்றிப் பார்த்தபோது கண்டதைச் சொல்கிறேன். பைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. உடைந்திருந்தது கழிப்பறையில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட்டின் கைப்பிடி. முடி அளவு கீறல். அந்த ஹோஸில் எப்போதும் பம்பின் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தண்ணீர் வெளியேற வழியும் கிடையாது. விடியற்காலையில் கீறலைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறிப் பனி உருகியபோது வண்டி குன்னூர் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையம் வருவதற்குள் தரைப் பிளைவுட் ஊறிவிட்டது. நூற்றுக்கணக்கில் விலையுள்ள ஒரு பாகம், தரையையே மாற்றும் வேலையை இழுத்து வைத்தது. வெளிநாட்டுக் கையேடுகளில் ஹெல்த் ஃபாசெட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அதை யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

‘போன வருஷம் இதே இடத்துல நின்னோம், ஒண்ணும் ஆகலையே’ என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அசையாத தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி போன பிறகும் உறையாமல் இருக்க முடியும். எந்த இரவில் பனிக்கட்டி பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஐந்து இரவு தப்பிய பைப் ஆறாவது இரவில் போகலாம்.

இனி தீர்வுகள். நைட்ரைல் ஃபோம் சுற்றுவது நல்லது. ஆனால் அது குளிரைத் தாமதிக்கும், வெப்பத்தை உண்டாக்காது. சூடேற்றும் கேபிள் மீட்டருக்குப் பத்து வாட் என்று வைத்தாலும், ஐந்து மீட்டருக்கு எட்டு மணி நேரத்தில் 400 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் 33 ஆம்பியர்-மணி. விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜோடு இதையும் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு மாட்டுங்கள். டிரூமா நிறுவனத்தின் ஃபிராஸ்ட் கன்ட்ரோல் வால்வு நல்ல கருவி. சுமார் 3 டிகிரியில் தானே திறந்து பாய்லர் தண்ணீரை வெளியேற்றிவிடும், 7 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் மறுபடி மூட முடியும். ஐரோப்பியக் குளிருக்கு அது சரி. நம் மலைகளில் ஆபத்தில்லாத இரவிலும் 3 டிகிரி வரும், வால்வு திறக்கும், பம்பு ஆனில் இருந்தால் டேங்கையும் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்யும். இரண்டு முறை இப்படி ஆனதும் டிரைவர் அதைக் கட்டிப்போட்டு மூடிவிடுவார். அதன்பின் அது இருந்தும் பயனில்லை.

கூலன்ட் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். விஷம், அதுவும் இனிக்கும் விஷம். குடிநீர் வரும் பைப்பில் அது ஒரு சொட்டும் போகக் கூடாது. விஷமில்லாத புரப்பலீன் கிளைக்கால் ஊற்றலாமே என்பார்கள். வாங்குவது அதுதானா, கலப்படமா என்பதே கேள்வி. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருப்பதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் பலர் இறந்தார்கள். மருந்துக்கே இந்த நிலை என்றால், லேபிள் இல்லாத டிரம்மில் வாங்கும் திரவத்தைக் குழந்தைகள் வாய் கொப்பளிக்கும் பைப்பில் எந்த நம்பிக்கையில் ஊற்றுவது? தவிர, காலை ஒன்பது மணிக்கு வெயில் வந்து குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்கிற ஊரில், தினமும் கிளைக்கால் ஊற்றித் தினமும் கழுவுவது நடக்கிற காரியமும் இல்லை.

வடிப்பதுதான் நமக்குப் பொருந்தும் வழி. அதற்கு வண்டியைக் கட்டும்போதே யோசிக்க வேண்டும். எல்லா பைப்பும் ஒரே திசையில் சரிய வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தங்கும். மிகத் தாழ்ந்த இடத்தில் குளிர்நீர், வெந்நீர் இரண்டுக்கும் தனித்தனி பால்வால்வு, அதுவும் வண்டிக்குள்ளிருந்தே கை எட்டும் இடத்தில். இரவு பத்து மணிக்கு சேசிஸுக்கு அடியில் படுத்து யாரும் திறக்க மாட்டார்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வால்வு இருந்தால் டேங்க் தண்ணீர் வீணாகாது; பைப்பிலுள்ள இரண்டு மூன்று லிட்டர் மட்டும் போகும். கீசரின் பாதுகாப்பு வால்வு நெம்புகோலைத் தூக்க விரல் நுழையும் இடம் விடுங்கள். மூடிய அலமாரிக்குப் பின்னால் அதை மாட்டிவிட்டுப் பிறகு வருந்துவது வழக்கமாகிவிட்டது. சி.பி.வி.சி. பைப்பும் சொல்யூஷன் ஒட்டும் வீட்டுக்குச் சரி. மலைப்பாதைக் குலுக்கலுக்கும் குளிருக்கும் நெகிழும் பெக்ஸ் பைப்பே மேல்.

வண்டியை ஒப்படைக்கும்போது சாவியோடு கையேட்டைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். டிரைவரை உள்ளே கூப்பிட்டு, “அண்ணே, மலைக்குப் போனா படுக்கறதுக்கு முன்னாடி பம்பை ஆஃப் பண்ணிட்டு இந்த ரெண்டு வால்வையும் தொறந்து விட்டுருங்க, ஃபாசெட்டைத் தரையில இறக்கி அமுக்கிவிடுங்க” என்று அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். அதையே தமிழ், கன்னடம், இந்தியில் எழுதி சிங்குக்குக் கீழே கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மோட்டார் கேரவனுக்கான ஏ.ஐ.எஸ்.-124 சான்றிதழ் வாங்கிய பிறகும் இந்தப் பத்து நிமிட வேலை நம்முடையதுதான்.

சோதனைக்கு ஊட்டி போக வேண்டியதில்லை. ஐஸ்கிரீம் வைக்கும் டீப் ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போகும். நீங்கள் வழக்கமாக மாட்டும் பம்பு, வடிகட்டி, டேப், ஹெல்த் ஃபாசெட் எல்லாவற்றையும் ஒரு பலகையில் இணைத்து, தண்ணீர் நிரப்பி இருபக்கமும் மூடி ஓர் இரவு உள்ளே வையுங்கள். மறுநாள் உருகவிட்டு அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். பிறகு அதே பாகங்களைப் புதிதாக இணைத்து, இந்த முறை வடித்துவிட்டு வையுங்கள். எது உடைந்தது, எது தாங்கியது என்று படத்தோடு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.