சிறு தகடு, பெரும் கேடு!

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில மெக்கானிக்குகள் ஒரு யோசனை சொல்கிறார்கள்.

"இ.ஜி.ஆர். வால்வை அடைத்துவிடுங்கள். வண்டி பறக்கும்! டீசலும் மிச்சமாகும்!"

செலவும் அதிகம் இல்லை. வால்வின் வாயில் ஒரு சிறு தகட்டை வைத்து, போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது.

இந்த யோசனை சரியா? சரி அல்ல!

வால்வு எதற்கு?

காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். அது சாதுவான வாயு. ஆனால் டீசல் என்ஜினுக்குள் கடும் சூடு ஏறும்போது, அது பிராணவாயுவுடன் சேர்ந்து நச்சு வாயு ஆகிவிடுகிறது.

இதைக் குறைக்கத்தான் இந்த வால்வு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை அது மீண்டும் என்ஜினுக்குள் அனுப்புகிறது. அந்தப் புகையில் பிராணவாயு குறைவு. அதனால் சூடு தணிகிறது. நச்சு வாயுவும் குறைகிறது.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. நாளடைவில் வால்வில் கரி படியும். வால்வு சிக்கிக்கொள்ளும். வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும்.

அப்போது தகடு போட்டால் வண்டி நன்றாக ஓடுவது உண்மைதான். ஆனால் அது தகட்டின் பெருமை அல்ல. வால்வைக் கழற்றிக் கரியை நீக்கினாலும், பழுதான வால்வை மாற்றினாலும் அதே பலன் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

"புகைச் சோதனையில் கார் தேறிவிட்டதே!" என்று சிலர் சொல்லலாம்.

தேறத்தான் செய்யும்! நம் நாட்டில் டீசல் காருக்கு நடக்கும் புகைச் சோதனை, புகையின் கருமையைத்தான் பார்க்கிறது. நைட்ரஜன் நச்சை அளப்பதில்லை. வால்வை அடைத்தால் கரி குறையும்; நச்சு கூடும். சான்றிதழ் கையில், நஞ்சு காற்றில்!

அதைச் சுவாசிப்பவர்கள் யார்? பஸ்சுக்காக நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். சாலையோரம் பூ விற்கும் பெண்கள். ஆஸ்துமாவால் அவதிப்படும் முதியவர்கள்.

2015-ம் ஆண்டு ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. சோதனையின்போது மட்டும் நச்சு குறையும்படியும், சாலையில் ஓடும்போது கூடும்படியும் அது கார் கம்ப்யூட்டரில் தந்திரம் செய்திருந்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! அதை எல்லோரும் கண்டித்தார்கள்.

கம்ப்யூட்டரால் செய்தால் மோசடி. தகட்டால் செய்தால் சாமர்த்தியமா?

சட்டமும் சும்மா விடாது. காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது.

சமையலறைப் புகைபோக்கியில் கரி படிந்தால் யாரும் அதை அடைப்பதில்லை, துடைக்கிறார்கள். கார் வால்வுக்கும் அதுவே வைத்தியம். அரைநாள் வேலைக்குச் சோம்பி, ஊரார் மூச்சில் நஞ்சைக் கலப்பது நியாயம் ஆகாது.