விலை பேசப்படும் அமானிதம்

 

ஊராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் நம் ஊர்கள் சிலவற்றிலிருந்து ஒரு செய்தி பெருமையுடன் பரவுவதைக் கேட்கிறோம். "எங்கள் ஊரில் போட்டியே இல்லை. ஜமாஅத் கூடித் தலைவரை முடிவு செய்துவிட்டது. பள்ளிவாசலுக்கும் ஒரு நல்ல தொகை வந்தது" என்பதே அச்செய்தி. கேட்பவர்களில் பலர் மாஷா அல்லாஹ் என்று வாழ்த்துகின்றனர். நாம் வாழ்த்த மறுக்கிறோம். ஒரு பதவி பணத்துக்கு விற்கப்பட்டது என்பதுதான் அச்செய்தியின் பொருள். விற்ற பணம் இறையில்லத்தின் உண்டியலில் விழுந்ததால் விற்பனை வேறு பெயர் பெற்றுவிடாது.

எதனை விற்கிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்வோம். இராமநாதபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 11 ஊராட்சி ஒன்றியங்களும் 429 கிராம ஊராட்சிகளும் கொண்டது இம்மாவட்டம். பனைக்குளம், புதுமடம், பெரியபட்டினம், தேவிபட்டினம் என முஸ்லிம்கள் திரளாக வாழும் கடற்கரை ஊர்கள் பலவும் கிராம ஊராட்சிகளே. எந்த ஓர் ஊரையும் குற்றம் சாட்டுவது நம் நோக்கமன்று. இந்நோய் மாவட்டமோ மதமோ பார்த்து வருவதில்லை. 2019 திசம்பரில் தேர்தல் நடந்தபோது தலைவர் பதவிகள் ஏலம் விடப்படுவதாகத் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்து செய்திகள் வந்தன. மாநிலத் தேர்தல் ஆணையமும் அதனை எச்சரித்தது. நம் கேள்வி ஒன்றே: உலகமே செய்தாலும், அமானிதத்தைப் பற்றி ஓதிக்கொண்டிருக்கும் சமுதாயம் அதனைச் செய்யலாமா?

ஊரகப் பகுதியின் வாக்காளர் ஒருவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள் உண்டு. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சிச் சின்னமின்றி நடப்பவை. பின்னிரண்டும் கட்சி அடிப்படையில் நடப்பவை. சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு, நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கு என்று பழகிய நமக்கு, ஒரே நாளில் நான்கு அமானிதங்கள் கையில் தரப்படும் தேர்தல் இது ஒன்றுதான்.

இந்த நான்கும் நம் வாசலைத் தொடுபவை. தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர் வாய்க்கால், குப்பை அகற்றல், ஊர்ச்சாலை ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. அடக்கத்தலங்களும் மயானங்களும்கூட ஊராட்சியின் கடமைகளில் அடங்கும். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்தே ஒப்பமிட வேண்டும். அத்துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்களே தம்முள் தேர்ந்தெடுக்கின்றனர். எனவே, "வார்டு மெம்பர்தானே" என்று நாம் அலட்சியமாக இடும் வெள்ளைச் சீட்டுதான் ஊர்ப்பணத்தின் இரண்டாவது பூட்டு. ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் கட்டடங்களும் ஒன்றியச் சாலைகளும் பச்சைச் சீட்டில் இருக்கின்றன. ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால், தேர்தல் முடிந்த மறுநாளே உறுப்பினர்களை வெளியூர் விடுதிகளில் வைத்துக் காவல் காப்பது நாடறிந்த காட்சியாகிவிட்டது. காசு வாங்கி நாம் அனுப்பிய உறுப்பினர் அங்கே தம் வாக்கைக் காசுக்கு விற்றால், அவரைக் கேட்கும் நாவு நமக்கு எங்கிருந்து வரும்?

ஏலத்துக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "பணம் எவர் சட்டைப்பைக்கும் போகவில்லை, பள்ளிவாசலுக்குத்தானே போகிறது" என்பது. நபி (ஸல்) அவர்களின் நபித்துவத்துக்கு முன்பு குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்தபோது, தவறான வழியில் வந்த பொருளை அதில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தூய பணம் போதாமையால்தான் ஹிஜ்ர் என்னும் பகுதி கட்டடத்துக்கு வெளியே விடப்பட்டது. சிலைகளை வணங்கிய மக்களுக்கே அந்தக் கூச்சம் இருந்தது. இல்லம் குறைந்தாலும் பரவாயில்லை, பணம் தூயதாக இருக்கட்டும் என்றனர் அவர்கள். இல்லம் உயரட்டும், பணம் எப்படி வந்தால் என்ன என்கிறோம் நாம். அல்லாஹ் தூயவன், தூயதையன்றி ஏற்பதில்லை என்ற நபிமொழியை அறியாத கதீபும் இல்லை, முத்தவல்லியும் இல்லை.

ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது" என்று பொருளைப் பிரித்து வைத்தபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததை புகாரி, முஸ்லிம் இரண்டும் பதிவு செய்துள்ளன. அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அன்று எழுப்பப்பட்ட கேள்வி. அதே கேள்வியை இங்கே கேளுங்கள். தலைவர் பதவி என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்தச் செல்வந்தர் அத்தொகையைப் பள்ளிவாசலுக்கு அள்ளித் தந்திருப்பாரா? தந்திருப்பார் என்றால் பதவியைக் கேட்காமல் இன்றே தரட்டும், அது நன்கொடை. தந்திருக்கமாட்டார் என்றால் அதன் பெயர் ரிஷ்வத். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருசேரச் சாபத்துக்குரியவர் என்பது நாம் குழந்தைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கும் பாடம்.

நாட்டின் சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. போட்டியிடுவது மட்டுமன்று, போட்டியிடாமல் இருப்பதும் மனுவைத் திரும்பப் பெறுவதும்கூட ஒருவரின் தேர்தல் உரிமையாகும். அவ்வுரிமையை ஒருவர் இன்னவாறு பயன்படுத்தத் தூண்டுவதற்காகக் கைம்மாறு தருவது தேர்தல் லஞ்சம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171ஆம் பிரிவின் உட்பிரிவுகளில் இருந்த இது, 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவில் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தை இத்தகைய வழக்கின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதா சமுதாயத் தொண்டு?

இரண்டாவது நியாயம், "போட்டி வந்தால் ஊர் இரண்டுபடும், ஒற்றுமைக்காகவே இந்த ஏற்பாடு" என்பது. ஒற்றுமையின் அருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இது எவருடைய ஒற்றுமை? ஜமாஅத் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், உட்காராதவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஊரின் பெண் வாக்காளர்கள் அங்கில்லை. அதே ஊராட்சிக்கு உட்பட்ட மீனவர் குப்பத்து மக்கள் அங்கில்லை. காலனித் தெருவின் பட்டியலின மக்கள் அங்கில்லை. ஊராட்சியின் தண்ணீரும் விளக்கும் அவர்களுக்கும் உரியவை. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கிறது. அவர்களைக் கேளாமல் பள்ளிவாசல் முற்றத்தில் அவர்களுக்கும் சேர்த்துத் தலைவரை நிர்ணயிக்கும் அதிகாரத்தை நமக்குத் தந்தவர் யார்? மஷூரா என்பது சம்பந்தப்பட்டவர்களைக் கலந்துகொள்வது. விலை கொடுக்கக்கூடியவரை மட்டும் கலந்துகொள்வதற்கு அப்பெயர் பொருந்தாது.

ஊர்க்கட்டுப்பாட்டின் பெயரால் தேர்தலை முடக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழகமே சாட்சி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பட்டியலினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகச் செயற்பட முடியாமல் கிடந்து, 2006இல்தான் விடிவு பிறந்தது. அங்கும் சொல்லப்பட்டது "ஊர் முடிவு" என்ற அதே சொல்தான். எங்கோ சிறுபான்மையாக இருக்கும்போது நீதியைக் கேட்கும் நாம், பெரும்பான்மையாக இருக்கும் சிற்றூரில் அதே நீதியை அடுத்தவருக்கு மறுக்கலாகாது. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் (4:135) கட்டளை.

மூன்றாவது நியாயம், "யார் வந்தாலும் திருடத்தான் போகிறார்கள்; பள்ளிவாசலுக்காவது மிஞ்சட்டும்" என்ற விரக்தி. விலை கொடுத்துப் பதவி வாங்கியவர் முதலில் எடுக்க நினைப்பது போட்ட முதலைத்தான். ஊர்க்குழாயிலும் வாய்க்கால் ஒப்பந்தத்திலும் அதை எடுப்பார். அப்போது, "நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள்தானே" என்ற ஒற்றைச் சொல்லால் ஜமாஅத்தின் வாயை அடைப்பார். தட்டிக் கேட்க வேண்டிய மிம்பரையே அவர் முன்கூட்டி வாங்கிவிட்டார்.

வீட்டு வாசலில் கைமாறும் நோட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒரு வாக்குக்கு 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் பத்துக் காசு. தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரில் அந்த ஒரு ரூபாய்க்கு ஒரு குடம் நீரும் வாராது. இம்மையிலும் நட்டம்; மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய சுமை வேறு.

மகளிர் ஒதுக்கீட்டில் நாம் செய்வதையும் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. நம் சகோதரிகளின் பெயரில் மனு, சகோதரரின் படத்துடன் சுவரொட்டி. வென்றபின் கூட்டத்துக்கு அவர் வருவார், ஒப்பத்துக்கு மட்டும் இவர். ஹுதைபிய்யாவில் தோழர்களே தயங்கி நின்ற வேளையில் நபி (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடந்தார்கள். அந்த வரலாற்றை மேடையில் பேசிவிட்டு, பட்டம் பெற்ற தம் மகளையோ மனைவியையோ ஒப்பமிடும் கருவியாக்குவது எந்த மார்க்கம்? அந்த ஒப்பத்துக்கான விசாரணை இம்மையில் மாவட்ட ஆட்சியரிடமும் மறுமையில் அல்லாஹ்விடமும் அப்பெண்ணிடமே நடக்கும் என்பதை அவர் அறிந்திருக்கிறாரா?

அப்படியானால் ஜமாஅத் ஒதுங்கி நிற்க வேண்டுமா? இல்லை, அதற்கு வேறு வேலை இருக்கிறது. போட்டியிட விரும்பும் அனைவரையும், முஸ்லிம் அல்லாதவரையும் சேர்த்தே, பொது இடத்துக்கு அழைக்கட்டும். பெண்களுக்கும் அதில் இடமிருக்கட்டும். குடிநீர்க் கணக்கென்ன, வாய்க்கால் எப்போது, வரவு செலவை ஊரறிய வைப்பீர்களா என்று எல்லோரும் கேட்கட்டும். முடிவை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடட்டும். தொழுகையாளி என்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகத்துக்குத் தகுதி பெறுவதில்லை. அபூதர் (ரலி) அவர்களைவிடப் பேணுதலானவர் நம்மில் யார்? பொறுப்பைக் கேட்டபோது, நீர் பலவீனர், இது ஓர் அமானிதம் என்று அவருக்கே மறுக்கப்பட்டது. மக்கா வெற்றியன்று நெருங்கிய உறவினர் கேட்டும், கஅபாவின் திறவுகோல் முன்பு வைத்திருந்த உஸ்மான் பின் தல்ஹா அவர்களிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டதைத் தஃப்ஸீர் நூல்கள் அமானித வசனத்துடன் (4:58) இணைத்துக் கூறுகின்றன. தகுதியும் உரிமையும்தான் அங்கே அளவுகோல்.

வாக்களித்ததோடு கடமை தீர்ந்தும் விடாது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். அங்கே கணக்குக் கேட்கும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உண்டு. தேர்தல் நாளில் மட்டும் திரண்டு, கிராம சபையன்று வீட்டில் உறங்கும் ஊருக்கு எந்தத் தலைவர் வந்தாலும் பயனில்லை.

இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் 2025 சனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. அடுத்த தேர்தலுக்கான அறிவிப்பு வந்தபின் ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசப் புகுந்தால் காலம் கடந்திருக்கும். ஏலத்தொகையே அதற்குள் பேசி முடிக்கப்பட்டிருக்கும். ஆகவே இப்போதே நிர்வாகிகள் ஒரு தீர்மானம் எழுதட்டும்: எங்கள் பள்ளிவாசல் பதவிக்காக ஒரு காசும் வாங்காது. அதனை ஜும்ஆவில் அனைவரும் கேட்க வாசிக்கட்டும்.

தந்த அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.