மழலைக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கு



குழந்தையின் மழலை மாறு முன்பே வீட்டில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: "எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள்?" பாட்டி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டார் ஒன்று சொல்வார், அலுவலக நண்பர் வேறொன்று சொல்வார். முடிவில், கட்டணம் அதிகமுள்ள பள்ளியே நல்ல பள்ளி என்ற எண்ணம் வென்றுவிடுகிறது. தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. மூன்று வயதுப் பிள்ளை கழுத்தில் டை கட்டிக்கொண்டு எல்.கே.ஜி.க்குப் போகிறது.

தனியார் மழலையர் பள்ளியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நானும் மழலையருக்குக் கற்பிப்பவளே. எதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே என் கேள்வி. பதினாறு வயதில் பிள்ளை வாங்கப் போகும் மதிப்பெண்ணைப் பார்த்தா? இன்று, இந்த மூன்று வயதில், அங்கே அது எப்படி நடத்தப்படும் என்பதைப் பார்த்தா? இரண்டாவதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

முதலில் பெயர்ப் பலகையைக் கண்டு மயங்காதீர்கள். அருட்சகோதரியர் வாழும் மடத்திற்குக் கான்வென்ட் என்று பெயர். இன்றோ ஒரு சகோதரி கூட இல்லாத ஆங்கிலப் பள்ளிகளும் நம் ஊரில் "கான்வென்ட்" தான்! மாண்டிசோரி என்ற பெயரும் இப்படியே. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழை மக்கள் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை தன் கையால் தொட்டு, ஊற்றி, அடுக்கி, பொத்தான் மாட்டிக் கற்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே நாற்பது குழந்தைகளைக் கைகட்டி உட்கார வைத்தால் அது மாண்டிசோரி முறை ஆகுமா?

அடுத்தது நேர்முகத் தேர்வு. மூன்று வயதுக் குழந்தையிடம் நிறங்களின் பெயரையும், தந்தையிடம் வருமானத்தையும், தாயிடம் ஆங்கிலத்தையும் சோதிக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை இப்படி வடிகட்டிச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். ஆறு வயதுக்கே ஆகாத சோதனை மூன்று வயதுக்கு ஆகுமா?

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளியும் அவ்வகையைச் சேர்ந்ததே. சட்டத்தின் கை நம் வாசல் வரை எட்டாமல் இருக்கலாம். மனச்சாட்சியின் கை எட்டும். குழந்தைகளைத் தடுக்க வேண்டாம் என்று சீடர்களைக் கடிந்துகொண்ட இயேசுவின் பெயரால் நடைபெறும் பள்ளிகள், எந்தச் சட்டமும் கேட்காமலே இவ்வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நம் அருட்சகோதரியர் இதை அன்புடன் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது அலுவலக அறையோடு திரும்பிவிடாதீர்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? மாடிப் படி அகலமானதா? வெளியேற வேறு வழி உண்டா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், கூரை வேய்ந்த பள்ளி மாடியில் பற்றிய தீயில் 94 பிஞ்சுகள் மாண்டதை நாம் மறக்கலாகாது. "என் பிள்ளை எந்த அறையில் உட்காரும்? நான் பார்க்கலாமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அது பெற்றவரின் கடமை.

ஓர் ஆசிரியைக்கு எத்தனை குழந்தைகள் என்றும் கேளுங்கள். தொடக்கப் பள்ளிக்கே முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் காட்டும் கணக்கு. மழலையருக்கு அதனினும் குறைவாக இருப்பதே நலம். சத்தமே கேட்காத மழலையர் வகுப்பைக் கண்டால் மகிழாதீர்கள், சற்றுக் கவலைப்படுங்கள்.

வீட்டுப் பாடம் உண்டா என்று விசாரியுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கே வீட்டுப் பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மழலையருக்குப் புத்தகப் பையே வேண்டாம் என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. அப்படியிருக்க, யு.கே.ஜி. பிள்ளை முதுகு வளைய மூட்டை சுமப்பது யாருடைய பெருமைக்காக?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் தமிழில் பேசினால் தண்டிக்கும் பள்ளி வேண்டாம். "ஒன்றுக்கு வருகிறது" என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் உடுப்பை நனைத்துக்கொண்டு அழும் குழந்தை அன்று கற்பது ஆங்கிலமன்று, அச்சம். ஒரு மொழியில் நன்றாகப் பேசப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாகவே வரும்.

கட்டணத்தில் கூச்சம் வேண்டாம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-இல் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த குழு பள்ளிகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டு அறியுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால், வீட்டுக்கு அருகிலுள்ள எளிய பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். வேனில் போய்வரக் கழியும் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு விளையாட மிஞ்சும். வீட்டில் அமைதியும் மிஞ்சும்.

இறுதியாக ஒன்று. சொல்லக் கசப்பானது என்றாலும் பெண்கள் பள்ளி மலரில் சொல்லாமல் விட முடியவில்லை. "பையனுக்குக் கட்டணப் பள்ளி, பெண்ணுக்கு இலவசப் பள்ளி" என்று பிரிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் படிப்பது குறைவு என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து உயர்ந்தவர் பலர். ஒரே வீட்டில் இரண்டு அளவுகோல் இருப்பதே தவறு. பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால், இருவரையும் ஒரே எளிய பள்ளிக்கு அனுப்புங்கள். தான் எவ்வளவு மதிப்புப் பெற்றவள் என்பதைச் சிறுமி பள்ளி வாசலிலேயே படித்துவிடுகிறாள்.

மாணவியரே! தம்பி தங்கையரின் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பித் தருபவர்கள் பல வீடுகளில் நீங்கள்தாம். நிரப்புவதோடு நில்லாமல், அம்மா அப்பாவுடன் பள்ளிக்கும் சென்று வாருங்கள். எல்.கே.ஜி. வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்கள் உங்களுக்கு இன்னும் மறந்திராது. அங்கே பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

— ஆசிரியை, மழலையர் பிரிவு