கேட்ச்-ஆலை அணைத்துவையுங்கள்

சொந்த டொமைன் வாங்கியவர்கள் பலர் முதல் வேலையாக கேட்ச்-ஆல் வசதியைப் போட்டுவிடுகிறார்கள். @ குறிக்கு முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் மெயில் ஒரே பெட்டியில் வந்து விழும், ஒன்றும் தவறாது என்று நம்புகிறார்கள். உண்மையில், முக்கியமான மெயில் கண்ணில் படாமல் போவதே இந்த வசதியால்தான். மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி முறையை ஜான் போஸ்டல் 1982-ல் வகுத்தார். அதன்படி அனுப்பும் சர்வர், கடிதத்தைக் கொடுக்கும் முன்பே பெறுநரின் முகவரியைச் சொல்லும். அப்படி ஒருவர் இல்லையென்றால் 550 என்று பதில் வரும். மெயில் திரும்பிவந்ததைப் பார்த்து, அனுப்பியவர் பிழையைத் திருத்துவார், இல்லாவிட்டால் போன் செய்வார். கேட்ச்-ஆல் போட்ட டொமைனோ எந்தப் பெயருக்கும் 250, அதாவது ‘சரி’ என்றே சொல்லும். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் பதிலுக்குக் காத்திருக்க, மெயில் ஸ்பேமுக்கு நடுவில் கிடக்கும். அந்த ஸ்பேமும் கொஞ்சநஞ்சமல்ல. அகராதிபோல் பெயர்களை வரிசையாகப் போட்டு அனுப்பிப் பார்ப்பது ஸ்பேம்காரர்களின் பழைய வழக்கம். மற்ற டொமைன்கள் வாசலிலேயே மறுப்பதை எல்லாம் கேட்ச்-ஆல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதை அப்படியே ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்தால், ஸ்பேம் அனுப்புவது உங்கள் சர்வர்தான் என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். உங்கள் நல்ல மெயிலுக்கும் கெட்ட பெயர் வரும்.

பெயரைத் தப்பாக அடிப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். புதுச்சேரியில் இது நியாயமான கேள்வி. பிரெஞ்சு வழக்கத்தில் முருகனின் ‘உ’ ஒலிக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து போடுபவர்கள் இங்கே இன்றும் உண்டு. அதற்கு இரண்டு எழுத்துக்கூட்டலுக்கும் ஏலியஸ், அதாவது அதே பெட்டிக்கு வந்துசேரும் மாற்று முகவரி, வைத்தால் போதும். வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கும் அதே வழிதான். பிழை டொமைன் பெயரிலேயே வந்தால் கேட்ச்-ஆலும் உதவாது. பாகூர் கொம்யூனில் உள்ள பனித்திட்டின் பெயரில் ஒரு கடைக்காரர் டொமைன் வாங்குகிறார் என்று வையுங்கள். ஊர்ப் பெயரில் ஒரு ‘டி’ விட்டுப்போனால் மெயில் அவர் சர்வருக்கே வராது. கேட்ச்-ஆல் @ குறிக்கு இடப்பக்கத்தை மட்டுமே பிடிக்கும். அதற்கு இரண்டாவது எழுத்துக்கூட்டலில் ஒரு டொமைன் வாங்கி வைப்பது மேல்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி முகவரி கொடுத்தால், யார் முகவரியை விற்றார்கள் என்று தெரியுமே என்பது இன்னொரு வாதம். நோக்கம் நல்லதுதான். பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டுத் தளத்தின் பெயரைச் சேர்த்தோ, ஏலியஸ் உண்டாக்கியோ அதைச் செய்யலாம். கசிந்த ஏலியஸை அழித்தால் தொல்லை நிற்கும். கேட்ச்-ஆலில் ஒன்றைத் தடுத்தால் நாளை புதுப் பெயரில் வரும். ஏற்கெனவே கேட்ச்-ஆல் போட்டிருந்தால், கடந்த ஓராண்டில் எந்தெந்த முகவரிக்கு உண்மையான மெயில் வந்தது என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் ஏலியஸ் வையுங்கள். போஸ்ட்மாஸ்டர் முகவரி கட்டாயம் இருக்கட்டும். எஸ்எம்டிபி விதியே அதைக் கேட்கிறது. பிறகு கேட்ச்-ஆலை அணைத்துவிடுங்கள்.