பதினேழு வயதில் எழுதிய வரி

எய்த அம்பும் சொன்ன சொல்லும் திரும்பா என்பர் பெரியோர். அச்சொல் பாட்டாகி, இசைத்தட்டில் ஏறி, ஊரெங்கும் ஒலித்துவிட்டால் சொன்னவர் என்ன செய்வது? தோழியரே, சற்றுச் சிந்திப்போமா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பிராங்க்ளின் என்னும் ஊரில் 2004-இல் தோன்றிய இசைக்குழு பாரமோர். பங்க் இசையின் வேகத்தோடு மனத்தில் எளிதில் பதியும் மெட்டுகளைச் சேர்த்துத் தரும் 'பாப் பங்க்' அவர்கள் இசை. ஆண் குரல்களே மிகுந்திருந்த அத்துறையில் முன்னின்று பாடியவர் ஹேலி வில்லியம்ஸ் என்ற இளம்பெண். அவர்களது இரண்டாவது இசைத்தட்டான 'ரயட்!' 2007 ஜூன் 12-ஆம் நாள் வெளிவந்தது. கலகம் என்பது அப்பெயரின் பொருள். அப்போது ஹேலிக்கு வயது 18.

அத்தட்டின் பெரும்புகழ் பெற்ற பாடல் 'மிசரி பிசினஸ்'. அமெரிக்கத் தரவரிசையில் 26-ஆம் இடம்வரை ஏறியது. ஹேலி தம் 17-ஆம் வயதில், நாட்குறிப்பில் கொட்டிய கோபத்திலிருந்து எழுதியது அது. ஓர் இளைஞனின் அன்பைப் பெறும் போட்டியில் மற்றொரு பெண்ணை வென்றதாகப் பெருமை பேசும் அப்பாடல், அவளை ஓர் இழிசொல்லாலும் சுடுகிறது. கேட்ட பெண்களும் அச்சொல்லைச் சேர்த்தே பாடினார்கள்!

2015-இல் ஹேலி, குறுகிய மனத்தோடு எழுதிய வரிகள் அவை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2018 செப்டம்பரில் நாஷ்வில் மேடையில், இனி நெடுங்காலம் அப்பாடலைப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். 2022-இல் மீண்டும் பாடத் தொடங்கினார்.

"தவறென்று தெரிந்தபின் மீண்டும் பாடலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பாடலை மறைத்துவிட்டால் தவறு மறையுமேயன்றித் திருந்தாது என்பது எங்கள் கருத்து. புகழ் தந்த பாடலையே குறைகூறத் துணிவு வேண்டும். இன்று அப்பாடலைக் கேட்பவர், அதை எழுதியவரே சொன்ன தீர்ப்பையும் சேர்த்துக் கேட்கிறார். ஆயினும் அந்த இழிசொல்லை உடன் பாடுவதும் பாடாதிருப்பதும் நம் பொறுப்பே. எழுதியவர்மேல் மட்டும் பழி போட்டு நாம் தப்பிவிட முடியாது.

இதை நாங்கள் அறிந்தே சொல்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒரு துண்டுச்சீட்டு கைமாறியது. ஒரு தோழியைப் பற்றிக் கோபத்தில் ஒருத்தி எழுதியது அது. வாங்கிப் படித்துச் சிரித்தவர்கள் நாங்கள் அனைவரும். மூன்று நாள் அந்தத் தோழி மதிய உணவைத் தனியே உண்டாள். எழுதியவள் மன்னிப்புக் கேட்டாள். சிரித்த நாங்கள் கேட்கவில்லை.

இம்மலர் அவள் கைக்கும் வரும். அன்புத் தோழியே, எங்களை மன்னித்துவிடு. நாளை உணவு மணி அடித்ததும் உன் அருகில் எங்களுக்கு இடம் தருவாயா?